டிக்கியிலிருந்து என் கைக்கு

நான் எதை மறைத்தேன்? யாராவது ஒருவர் எனக்கு இதைச் சொல்ல வேண்டும். பெட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள், துப்பாக்கி என்றேன். யாருடையது என்றார்கள், என்னுடையது என்றேன். லைசென்ஸ் உண்டா என்றார்கள். கைப்பையைத் திறந்து கார்டை எடுத்து நீட்டினேன். பென்சில்வேனியாவில் எங்கள் கவுண்டி ஷெரிஃபிடம் விண்ணப்பம் கொடுத்து, இருபது டாலர் கட்டி, என் பேரில் ஏதாவது வழக்கு உண்டா என்று அவர்கள் துருவிப் பார்த்த பிறகு கொடுத்த கார்டு அது. ஐந்து வருஷத்துக்குச் செல்லும். துப்பாக்கியை உடம்பில் மறைத்து வைத்துக்கொண்டு பென்சில்வேனியாவின் தெருக்களில் நடக்கலாம், காரில் போகலாம் என்று அரசாங்கமே கொடுத்த அனுமதி. அந்தக் காவலர் டார்ச் வெளிச்சத்தில் அதை இரண்டு பக்கமும் பார்த்தார். "இது நியூஜெர்சி. இங்கே இது செல்லாது" என்றார். என் கைகள் முதுகுக்குப் பின்னால் போயின.

ஆசைப்பட்டுத் துப்பாக்கி வாங்கியவள் இல்லை நான். தென்காசிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள். கோயில் கொடையில் பலூன் சுடுகிற துப்பாக்கியைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை. இங்கே நானும் வீட்டுக்காரரும் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு கேஸ் ஸ்டேஷனும் அதை ஒட்டிய கடையும் நடத்துகிறோம். ராத்திரிக் கடை என்றால் என்ன என்று அதை நடத்துகிறவர்களுக்குத்தான் தெரியும். ஒரு குளிர்கால ராத்திரி முகத்தை மூடிக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள். வீட்டுக்காரர் கல்லாவைத் திறந்து இருந்ததை எல்லாம் கொடுத்துவிட்டார். கொடுத்த பிறகும் போகிற போக்கில் துப்பாக்கியின் பிடியால் அவர் நெற்றியில் ஓங்கி ஒரு அடி. லாட்டரிச் சீட்டு அடுக்கிய கண்ணாடிப் பெட்டியின்மேல் ரத்தம் வழிந்து, சீட்டுகளின் இடுக்கில் இறங்கிக் காய்ந்துபோயிருந்தது. மறுநாள் நான்தான் பேனாக்கத்தியால் சுரண்டி எடுத்தேன். அதற்குப் பிறகுதான் வாங்கினோம், பயிற்சி எடுத்தோம், இரண்டு பேரும் லைசென்ஸ் எடுத்தோம். எங்களுக்கு இருப்பது கிரீன் கார்டு. கிரீன் கார்டு உள்ளவர் துப்பாக்கி வைத்திருக்க அமெரிக்கச் சட்டம் இடம் தருகிறது.

அவரை அடித்தவர்களை இன்றுவரை பிடிக்கவில்லை. பிடித்து வைத்துக் கைரேகை எடுத்தது என்னை.

சட்டம் தெரியாமல் எல்லை தாண்டிவிட்டாள் என்று இதைப் படிக்கிற யாரும் எளிதாக நினைத்துவிட வேண்டாம். எனக்குத் தெரியும். நியூஜெர்சி வேறெந்த மாநிலத்தின் லைசென்ஸையும் ஏற்காது என்பது தெரிந்துதான் கிளம்பினேன். தம்பி நியூஹாம்ப்ஷயரில் ஒரு கடை எடுத்திருந்தான். முதல் சில மாதம் ராத்திரிக் கடையை நான் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. அங்கே 2017 முதல், துப்பாக்கி வைத்திருக்கத் தடை இல்லாத எவரும் லைசென்ஸே இல்லாமல் அதை மறைத்து எடுத்துச் செல்லலாம். வெளி மாநிலத்தாருக்கும் அதே சட்டம்தான். கிளம்பிய இடத்தில் எனக்கு உரிமை உண்டு, சேருமிடத்திலும் உண்டு. நடுவில் நியூஜெர்சி, நியூயார்க், கனெக்டிகட், மாசசூசெட்ஸ் என்று நான்கு மாநிலங்கள், நான்கும் கெடுபிடியானவை.

இந்த நிலைமைக்கென்றே ஒரு மத்தியச் சட்டம் இருக்கிறது. 1986-ல் ரீகன் கையெழுத்திட்ட துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டம். அதில் 926ஏ என்ற பிரிவு. புறப்படும் இடத்திலும் போய்ச்சேரும் இடத்திலும் உரிமை உள்ளவர், நடுவில் எந்த மாநிலத்தின் சட்டம் என்ன சொன்னாலும், துப்பாக்கியை எடுத்துப் போகலாம். நிபந்தனைகள் உண்டு: தோட்டா நிரப்பியிருக்கக் கூடாது, துப்பாக்கியும் தோட்டாவும் ஆள் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து கைக்கு எட்டக் கூடாது, தனி டிக்கி இல்லாத வண்டியாக இருந்தால் பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். நான் அதற்கும் மேலே செய்தேன். தோட்டாவைக் கழற்றி வேறொரு பெட்டியில் போட்டேன். துப்பாக்கியைப் பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டியில் வைத்தேன். இரண்டையும் டிக்கியில், சூட்கேஸுக்கு அடியில். வழியில் சாப்பிடக்கூட இறங்காமல் போய்விட வேண்டும் என்று புளியோதரை கட்டிக்கொண்டு கிளம்பினேன். டெலவேர் ஆற்றுப் பாலம் தாண்டி நியூஜெர்சிக்குள் நுழைந்தபோது, சட்டத்தின் ஒவ்வொரு எழுத்தையும் காப்பாற்றியவளாகத்தான் நுழைந்தேன்.

287-ம் நெடுஞ்சாலையில் வண்டி நின்றுபோனது. மழை. இருட்டு. ஓரமாக ஒதுக்கி விளக்கைப் போட்டுவிட்டு டோ ட்ரக்குக்குப் போன் செய்தேன். அது வந்து சேர்வதற்குள் ரோந்துக் காவலரும் வந்து பின்னால் வண்டியை நிறுத்தினார். பாதுகாப்புக்குத்தான் வந்தார், நன்றாகத்தான் பேசினார். டோ ட்ரக்காரர், "கராஜ் நாளைக் காலையில்தான் திறக்கும், விலை உயர்ந்த சாமான் எதுவும் உள்ளே விடாதீர்கள், நான் பொறுப்பில்லை" என்றார். சூட்கேஸை எடுத்தேன். பிறகு அந்த இரும்புப் பெட்டி.

நீங்கள் சொல்லுங்கள், வேறென்ன செய்திருக்க வேண்டும்? முன்பின் தெரியாத ஒருவருடைய திறந்த யார்டில், ராத்திரி முழுக்க, யார் வேண்டுமானாலும் உடைக்கக்கூடிய காரில் ஒரு துப்பாக்கியை விட்டுவிட்டுப் போயிருக்க வேண்டுமா? அது திருட்டுப் போய் யாரையாவது கொன்றிருந்தால் பொறுப்பில்லாதவள் என்று முதலில் என்னைத்தானே சொல்லியிருப்பார்கள்? பொறுப்போடு அதைக் கையில் எடுத்தேன். "அதில் என்ன?" என்றார் காவலர். சொன்னேன்.

டிக்கியிலிருந்து என் கைக்கு ஒரு முழ தூரம்கூட இருக்காது. அந்த ஒரு முழத்தில் 1986-ம் வருஷத்துச் சட்டம் என்னைக் கைவிட்டுவிட்டது. பெட்டி பூட்டியிருந்தது, சாவி வேறு பையில் இருந்தது, தோட்டா தனியாக இருந்தது. அது ஒன்றும் கணக்கில் வரவில்லை. கைக்கு எட்டிவிட்டது, அவ்வளவுதான்.

என்னுடைய வக்கீல் அப்புறம் ஒரு பழைய வழக்கைச் சொன்னார். 2005-ல் யூட்டா மாநிலத்துக்காரர் ஒருவர், எங்கள் ஊர்ப் பக்கமான ஆலன்டவுனுக்கு விமானத்தில் வந்துகொண்டிருந்தார். துப்பாக்கியை விதிப்படி அறிவித்து, பூட்டி, லக்கேஜில் போட்டிருந்தார். நியூவார்க்கில் அடுத்த விமானம் தவறிவிட்டது. பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் ஹோட்டலில் ஒரு ராத்திரி தங்கினார். மறுநாள் காலையில் விமான நிலையத்துக்கு வந்து, முறைப்படி, தானாகவே, "என்னிடம் துப்பாக்கி இருக்கிறது" என்று மறுபடியும் அறிவித்தார். கைது. நாள் கணக்கில் சிறை. கடைசியில் வழக்கைக் கைவிட்டார்கள். பறித்த துப்பாக்கி அவருக்குத் திரும்பி வந்ததோ 2008-ல். அவர் நஷ்டஈடு கேட்டுப் போன இடத்தில், மூன்றாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010-ல் சொன்ன தீர்ப்பு: ஹோட்டலில் இருந்தபோது பெட்டி உன் கைக்கு எட்டியது, ஆகவே 926ஏ உனக்கு இல்லை. உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை எடுக்கவே மறுத்துவிட்டது. அதே 2010-ல், நியூயார்க்கை உள்ளடக்கிய இரண்டாம் வட்ட நீதிமன்றம் இன்னொரு வழக்கில், இந்தப் பிரிவை மீறிவிட்டார்கள் என்று சொல்லிக் காவலர்மேல் சிவில் உரிமை வழக்குப் போட முடியாது என்று சொல்லிவிட்டது.

இதைப் படிக்கப் படிக்க என் வயிறு எரிகிறது. பயணிக்கு உரிமை உண்டு என்று ஒரு சட்டம் எழுதிவைத்திருக்கிறார்கள். அதை மீறிப் பிடித்தால் பிடித்தவரைக் கேட்க ஆளில்லை. கோர்ட்டில் போய், விலங்கு மாட்டியபிறகு, வக்கீலுக்குப் பணம் கட்டியபிறகு, "ஐயா, எனக்கு அந்தப் பிரிவு இருக்கிறதே" என்று வாதாடிக்கொள்ளலாம். ராத்திரி மழையில் நிற்கிறவளுக்கு அது எந்த விதத்தில் பாதுகாப்பு? வண்டி பழுதாவது பயணத்தில் சேர்த்தி இல்லையா? விமானம் தவறுவது பயணத்தில் சேர்த்தி இல்லையா?

சிறையில் நகையெல்லாம் கழற்றச் சொன்னார்கள். வளையல் வந்தது, தோடு வந்தது, தாலிக்கொடியையும் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டு என் பெயர் எழுதி ஒட்டினார்கள். மெட்டி மட்டும் வரவில்லை. கல்யாணத்தன்று போட்டது, விரல் பருத்து உள்ளே அழுந்திக் கிடந்தது. ஒரு பெண் காவலர் சோப்புத் தண்ணீர் கொண்டுவந்து, தரையில் முட்டிபோட்டு உட்கார்ந்து, தோல் உரியும் வரை திருகித் திருகி எடுத்தார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. மெல்லத்தான் செய்தார், வலிக்கிறதா என்று கேட்டுக் கேட்டுத்தான் செய்தார். ஆனால் என் மாமியார் கையால் போட்ட மெட்டியை அரசாங்கம் கழற்றும்படி நான் யாருக்கு என்ன கெடுதல் செய்தேன் என்று அந்தச் சுவரைப் பார்த்து அழுதேன்.

என்மேல் போட்டிருக்கும் குற்றச்சாட்டு என்ன தெரியுமா? லைசென்ஸ் இல்லாமல் கைத்துப்பாக்கி வைத்திருந்தது. நியூஜெர்சியில் அது இரண்டாம் நிலைக் குற்றம். ஐந்திலிருந்து பத்து வருஷம். அதோடு கிரேவ்ஸ் சட்டம் என்று ஒன்று. குறைந்தது 42 மாதம் பரோல் இல்லாமல் உள்ளே இருந்தாக வேண்டும். துப்பாக்கியைக் காட்டிக் கொள்ளையடிக்கிறவர்களை ஒடுக்கக் கொண்டுவந்த கடுமை, பெட்டியைப் பூட்டி வைத்திருந்தவள்மேல் விழுகிறது. கடையில் தற்காப்புக்கென்று விற்கிற குழிமுனைத் தோட்டாக்கள் என்னிடம் இருந்தன. பென்சில்வேனியாவில் அதை வாங்கத் தடையில்லை, நியூஜெர்சியில் அதற்கென்று தனிக் குற்றச்சாட்டு, தனியாகப் பதினெட்டு மாதம் வரை.

எனக்கு முன்னால் இந்த வழியில் போன ஒருத்தியின் கதை அமெரிக்கா முழுக்கத் தெரிந்தது. பிலடெல்பியாவைச் சேர்ந்த கறுப்பினப் பெண். இரண்டு குழந்தைகளைத் தனியாக வளர்த்த தாய். ஒரே வருஷத்தில் இரண்டு முறை வழிப்பறிக்கு ஆளாகி, அதனால் துப்பாக்கி வாங்கி லைசென்ஸும் எடுத்தவள். 2013 அக்டோபரில் அட்லாண்டிக் சிட்டி பக்கம் லேன் மாறியதற்காக நிறுத்தினார்கள். நிறுத்திய காவலரிடம் அவளே சொன்னாள், துப்பாக்கி இருக்கிறது, லைசென்ஸும் இருக்கிறது என்று. வாரக் கணக்கில் சிறையில் இருந்தாள். முதல் முறை குற்றத்தில் சிக்கியவர்களை விசாரணைக்கு முன்பே நன்னடத்தைக் கண்காணிப்பில் விட்டு வழக்கை முடித்துவிடும் திட்டம் ஒன்று அங்கே உண்டு. அதை அவளுக்கு மறுத்தார்கள். லிஃப்டுக்குள் தன் வருங்கால மனைவியை அடித்து மயங்கி விழச் செய்த ஒரு பிரபல அமெரிக்கக் கால்பந்து வீரருக்கு, அதே கவுண்டியில், அதே திட்டத்தைக் கொடுத்தார்கள். ஊரெல்லாம் கொதித்த பிறகு, 2014 செப்டம்பரில் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் அரசு வக்கீல்களுக்கான அறிவுரையை மாற்றி எழுதியது: சொந்த மாநிலத்தில் முறையான லைசென்ஸ் வைத்திருந்து தெரியாமல் வந்தவர்களுக்குப் பெரும்பாலும் சிறை தேவையில்லை என்று. அவளும் அந்தத் திட்டத்துக்குள் சேர்க்கப்பட்டாள். 2015 ஏப்ரலில் ஆளுநர் கிறிஸ்டி மன்னிப்புக் கொடுத்தார்.

மன்னிப்பு! அவள் கேட்டிருக்க வேண்டியது நியாயம். கொடுத்தது மன்னிப்பு.

அந்த அறிவுரையைக் காட்டி, "பயப்படாதே, உன்னைச் சிறைக்கு அனுப்ப மாட்டார்கள்" என்று எல்லோரும் எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள். சிறை இல்லாமல் வெறும் கண்காணிப்போடு விட்டால் இந்த நாட்டுக் குடிமகளுக்கு அது பெரிய விடுதலை. எனக்கு? குடிவரவுச் சட்டத்தில், சட்டத்தை மீறித் துப்பாக்கி வைத்திருந்ததாகத் தண்டனை பெற்ற வெளிநாட்டவர் எவரும் நாடு கடத்தத் தக்கவர். ஒரு நாள்கூடச் சிறை வேண்டாம். குற்றவாளி என்ற தீர்ப்பு ஒன்று போதும். கிரீன் கார்டு காப்பாற்றாது. இங்கே கட்டிய வரி காப்பாற்றாது. இங்கே பிறந்த பிள்ளைகள் காப்பாற்ற மாட்டார்கள். பிறகு இன்னொரு நீதிபதி முன்னால் நின்று கருணை காட்டுங்கள் என்று மன்றாட வேண்டும். அரசு வக்கீல் இரக்கப்பட்டு நீட்டுகிற காகிதத்தில் நான் கையெழுத்துப் போட்டால் அதுவே என்னை விமானத்தில் ஏற்றிவிடும். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை. போய்ப் பார்க்கவும் வழியில்லை. வழக்கு நிலுவையில் இருக்கும்போது நாட்டை விட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே வருவதே சிக்கலாகலாம் என்று வக்கீல் தடுத்துவிட்டார். வீடியோவில் அம்மா, "எப்படி இளைச்சுட்டே, கடையில ரொம்ப வேலையா?" என்கிறாள். ஆமாம்மா என்கிறேன்.

நம் ஆட்கள் பேசுவது இன்னொரு பக்கம். கோயிலில் பிரசாத வரிசையில் நிற்கும்போது முதுகுக்குப் பின்னால் கேட்கிறது: "துப்பாக்கியோட பிடிச்சாங்களாம்ல, இவளைத்தான்." பத்துக்கும் ஐந்துக்கும் ராத்திரி முழுக்கக் கவுண்டரில் நின்றுபாருங்கள், பிறகு என்னைப் பேசுங்கள்.

துப்பாக்கிக்குக் கட்டுப்பாடே கூடாது என்று நான் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் சாகிற நாட்டில், நானும் பிள்ளை பெற்றவள், அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. பென்சில்வேனியா பயிற்சி கேட்காமலே லைசென்ஸ் கொடுக்கிறது. அது நியூஜெர்சிக்குப் பிடிக்கவில்லை என்றால் அதில் நியாயம் இருக்கிறது. பயிற்சி கேட்கட்டும், தேர்வு வைக்கட்டும், எழுதுகிறேன். வீட்டுக்கு வெளியே தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது அரசியல் சட்டம் தந்த உரிமை என்று 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு, வெளி மாநிலத்தாரும் நியூஜெர்சியில் விண்ணப்பிக்கலாம்தான். ஆனால் ஒரு பயணத்துக்கு நான்கு மாநிலத்தில் நான்கு விண்ணப்பமா? நான்கு கட்டணமா? மாசசூசெட்ஸ் வெளியாருக்குக் கொடுப்பது ஒரே வருஷத்துக்கு. என் டிரைவிங் லைசென்ஸை இந்த நான்கு மாநிலங்களும் ஒரு கேள்வி கேட்காமல் ஏற்கின்றன.

முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. போலீஸ்காரர்களுக்குச் செய்தார்களே! 2004-ல் ஒரு மத்தியச் சட்டம் கொண்டுவந்து, பணியில் உள்ளவர், ஓய்வு பெற்றவர் என்று தகுதியுள்ள போலீஸ்காரர் எவரும் எந்த மாநிலத்துக்குள்ளும் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம் என்று ஆக்கினார்கள். மற்றவர்களுக்கான மசோதா 2017 டிசம்பரில் பிரதிநிதிகள் சபையில் 231-க்கு 198 என்று நிறைவேறி, செனட்டில் அப்படியே கிடந்து செத்தது. ஒரு கட்சி அதைத் தேர்தலுக்குத் தேர்தல் தூக்கிப் பிடிக்கிறது. இன்னொரு கட்சி பேரைக் கேட்டாலே முகம் சுளிக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நாங்கள் மாட்டிக்கொண்டு சாகிறோம். நான் அவ்வளவு பெரிய மசோதாகூடக் கேட்கவில்லை. துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு நியூஜெர்சியில் நடக்க வேண்டும் என்ற ஆசை எனக்கில்லை. பூட்டிய பெட்டியோடு கடந்துபோகிறவளைக் கடந்துபோக விடுங்கள் என்கிறேன். வண்டி நின்றுவிட்டால், விமானம் தவறிவிட்டால், ஒரு ராத்திரி தங்க வேண்டி வந்தால், அதையும் பயணம் என்று ஒரே ஒரு வரி சேர்த்து எழுதுங்கள் என்கிறேன். உண்மையைச் சொன்னதற்காக விலங்கு மாட்டினால் அதற்குப் பதில் சொல்ல ஒருவர் வேண்டும் என்கிறேன்.

ஏனென்றால் இந்தச் சட்டத்தில் சிக்குகிறவர்கள் யார் என்று பாருங்கள். யூட்டாக்காரர் தானாகச் சொன்னார். பிலடெல்பியாத் தாய் தானாகச் சொன்னாள். 2011 டிசம்பரில் நியூயார்க்கில், இரட்டைக் கோபுர நினைவிடத்துக்கு வந்த டென்னசி மருத்துவ மாணவி, அங்கே துப்பாக்கிக்குத் தடை என்ற பலகையைப் பார்த்துவிட்டு, "இதை எங்கே ஒப்படைப்பது?" என்று கேட்டாள், பிடித்தார்கள். நானும் சொன்னேன். எங்கள் கடைக்கு முகத்தை மூடிக்கொண்டு வந்த அந்த இரண்டு பேரும் யாரிடமும் எதையும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இதைப் படிக்கிற உங்களில் கடை வைத்திருப்பவர்கள், ராத்திரி வேலை பார்ப்பவர்கள், கிரீன் கார்டோடு இருந்து லைசென்ஸும் எடுத்தவர்கள் பல பேர் இருப்பீர்கள். உங்கள் கார்டு உங்கள் மாநில எல்லை வரைதான். தாண்டுமுன் வக்கீலைக் கேளுங்கள். எப்போதாவது மாட்டிக்கொண்டால், சிறை இல்லை என்று சொல்லி யார் காகிதத்தை நீட்டினாலும், குடிவரவுச் சட்டம் தெரிந்த வக்கீல் பார்க்காமல் குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள். ஒப்புக்கொண்டால் நாடு கடத்தப்படும் அபாயம் உண்டா என்பதை உங்கள் வக்கீல் உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது; கேட்பது உங்கள் உரிமை.

குடியுரிமை பெற்றவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினருக்கும் செனட்டருக்கும் எழுதுங்கள். துப்பாக்கி உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் எழுதுங்கள். 926ஏ பிரிவில் வழியில் நேரும் தடங்கலையும் சேர்க்கச் சொல்லுங்கள். அதை மீறிக் கைது செய்தால் கேட்பதற்கு ஒரு வழி வைக்கச் சொல்லுங்கள். எனக்கு இந்த நாட்டில் ஓட்டு இல்லை. உங்களுக்கு இருக்கிறது.